ஸ்கேன் தாளில் இல்லாத எண்

வாசகர் கடிதம்:

"எனக்கு 64 வயது. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. இரண்டு வருடமாகச் சிறுநீர் கழிக்க நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கிறது. தாரை மெலிந்து, விட்டுவிட்டு வருகிறது. இரவில் நான்கைந்து முறை எழுகிறேன். ஸ்கேனில் புராஸ்டேட் 52 கிராம், 'கிரேடு 2 வீக்கம்' என்று வந்தது. பி.எஸ்.ஏ. 4.8. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாம்சுலோசின் எழுதிக் கொடுத்தார். காலையில் வெறும் வயிற்றில் போட்டேன். நான்காம் நாள் எழுந்து நின்றபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது, நிறுத்திவிட்டேன். ஒரு நண்பர் உடனே ஆபரேஷன் செய்துகொள் என்கிறார். இன்னொருவர், செய்தால் ஆண்மை போய்விடும் என்று சா பால்மெட்டோ என்ற மூலிகைக் கேப்சூல் வாங்கிக் கொடுத்தார். பி.எஸ்.ஏ. நான்கைத் தாண்டியதால் புற்றுநோயோ என்று தூக்கமே இல்லை. அடுத்த மாதம் கண்புரை ஆபரேஷன் வேறு இருக்கிறது. போன மாதம் இரண்டு முறை தூக்கத்தில் படுக்கை நனைந்துவிட்டது. தண்ணீர் கொட்டிவிட்டது என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். நான் என்ன செய்வது?"

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் கடைசியாக, போகிறபோக்கில் எழுதியிருக்கும் விஷயத்திலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். படுக்கை நனைந்ததைச் சொல்கிறேன். 52 கிராமும் 4.8-ம் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கின்றன. என்னைக் கவலைப்பட வைப்பது அந்த ஈரம்தான்.

அறுபது வயதைத் தாண்டிய ஆண் ஒருவருக்கு, அதுவும் ஏற்கெனவே தாரை மெலிந்து முக்கி முக்கிச் சிறுநீர் கழிப்பவருக்கு, புதிதாகப் படுக்கை நனைகிறது என்றால், சிறுநீர்ப்பை எப்போதும் நிரம்பியே இருக்கிறதோ என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். மடை அடைத்துக்கொண்டால் ஏரி தளும்பி வழியும் அல்லவா, அதுபோலத்தான். விழித்திருக்கும்போது சிறுநீர்ப்பையின் வாய்த் தசைகளை நம்மை அறியாமலே இறுக்கிப் பிடித்துக்கொள்கிறோம். தூக்கத்தில் அந்தப் பிடி தளர்ந்ததும் மிகுதி வழிந்துவிடுகிறது. இது மெல்ல மெல்ல நேர்வதால் வலியே இருக்காது. திடீரென்று அடைத்துக்கொண்டால் மனிதர் துடித்துப்போவார், அந்த இரவே மருத்துவமனைக்கு ஓடுவார். மாதக்கணக்கில் அடைத்துக்கொண்டு வருபவரோ "ஒன்றும் பெரிதாக இல்லை" என்றுதான் சொல்வார். பையில் தேங்கிய அழுத்தம் இதற்குள் மேலே சிறுநீரகம் வரை ஏறியிருக்கக்கூடும்.

உங்களுக்கு இப்படித்தான் ஆகியிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று உறுதிசெய்யும் எண் நீங்கள் எழுதி அனுப்பியதில் இல்லை. புராஸ்டேட்டின் அளவு இருக்கிறது, கிரேடு இருக்கிறது. சிறுநீர் கழித்து முடித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்பதைக் காணோம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினை ரத்தத்தில் பார்த்ததாகவும் தெரியவில்லை. இந்த இரண்டையும் இந்த வாரத்துக்குள் பார்த்துவிடுங்கள். கண்புரை ஆபரேஷன் வரை தள்ளிப்போட வேண்டாம்.

மிச்சத்தை அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஸ்கேன் எடுக்கும் இடத்தில் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிக்கவைத்து, வயிறு வெடிப்பதுபோல் ஆனபிறகு அவசரமாகக் கழிக்கச் சொன்னால், நல்ல சிறுநீர்ப்பை கூட முழுதாகக் காலியாகாது. அப்படி வரும் எண்ணை நம்ப முடியாது. வழக்கமாக எவ்வளவு முட்டினால் எழுந்து போவீர்களோ அந்த அளவில், அவசரமில்லாமல் கழித்துவிட்டு, உடனே அளக்கச் சொல்லுங்கள். மிச்சம் 50 மில்லிக்குள் இருந்தால் நிம்மதி. நூறு, நூற்றைம்பது என்றால் கண்காணிக்கலாம். 300-ஐத் தாண்டினால் அது தேக்கம். அதே ஸ்கேனில் சிறுநீரகங்கள் வீங்கியிருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுவார்கள்.

மிச்சம் மிக அதிகமாகவும், சிறுநீரகங்கள் வீங்கியும், கிரியாட்டினின் ஏறியும் இருந்தால், எந்த மாத்திரை என்ற பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். முதலில் ட்யூப் போட்டுப் பையை வடியவிட வேண்டும். அதை மருத்துவமனையில் தங்கித்தான் செய்துகொள்ள வேண்டும். நாள்பட்ட அடைப்பு விடுபட்டதும் சிலருக்குச் சிறுநீர் மணிக்கணக்கில் வெள்ளமாகக் கொட்டும், உப்புச் சத்துகளும் கூடவே போகும். அதை அளந்து ஈடுசெய்ய ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். சிறுநீரகம் தேறியபின் அறுவை சிகிச்சைதான் வழி. ட்யூபை எடுத்துவிட்டு "போகிறதா பார்ப்போம்" என்று இந்த நிலையில் சோதிப்பது சரியல்ல. சிறுநீர் போய்விடும், ஆனால் அழுத்தம் மறுபடி ஏறிவிடும்.

மிச்சம் குறைவாக இருந்தால் நாம் நிதானமாகப் பேசலாம். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அதற்கும் நல்ல வாய்ப்பு இருக்கிறது. இனி எழுதுவதெல்லாம் அந்த நிலைக்கு.

முதலில் அந்த 52. இளைஞனின் புராஸ்டேட் ஏறத்தாழ 20 கிராம். சிறுநீர்ப்பையின் வாய்க்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் சுரப்பி அது. நாற்பதுக்கு மேல் அதன் உட்பகுதி பெருக்கத் தொடங்குகிறது. ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களில் சுமார் பாதிப் பேருக்கும், எண்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கும் இந்தப் பெருக்கம் உண்டு. தலைமுடி நரைப்பதுபோல என்று நான் நோயாளிகளிடம் சொல்வேன். நரை யாருக்கும் தொந்தரவு தருவதில்லை, இது சிலருக்குத் தருகிறது, அவ்வளவுதான்.

அளவுக்கும் அவதிக்கும் நேர் விகிதம் கிடையாது. 100 கிராம் சுரப்பியோடு தாராளமாகச் சிறுநீர் போகிறவரைப் பார்த்திருக்கிறேன். 30 கிராம் சுரப்பியோடு அடைத்துக்கொண்டு நள்ளிரவில் வந்தவரையும் பார்த்திருக்கிறேன். சுரப்பி வெளிப்பக்கம் வளர்ந்தால் குழாய்க்கு நெருக்கடி குறைவு. நடுப்பகுதி மட்டும் மேலெழும்பிச் சிறுநீர்ப்பைக்குள் நீட்டிக்கொண்டால், அது சிறியதானாலும் மூடிபோல வாயில் வந்து விழும். சுரப்பிக்குள்ளும் பையின் வாயிலும் உள்ள தசைநார்கள் எவ்வளவு இறுகியிருக்கின்றன என்பதும் சேர்ந்துகொள்ளும். ஆகவே "கிரேடு 2" என்ற சொல்லை வைத்து யாரும் ஆபரேஷன் முடிவு செய்யக் கூடாது. என்னிடம் வருபவர்களில் பலர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் பயந்திருக்கிறார்கள். எனக்கு அது உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

அவதியை அளக்க வேறு வழி இருக்கிறது. ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 35. முழுதாகப் போகவில்லை என்ற உணர்வு, இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போவது, விட்டுவிட்டு வருவது, அடக்க முடியாமை, மெலிந்த தாரை, முக்குவது, இரவில் எழுவது, இவைதான் அந்த ஏழு. 7 வரை லேசு, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் கடுமை. கூடவே எட்டாவதாக ஒரு கேள்வி உண்டு: "வாழ்நாள் முழுக்க இப்படியே இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?" அந்தக் கேள்விக்கு நீங்கள் தரும் பதில், ஸ்கேன் தாளைவிட முக்கியம் என்பேன். ஆபத்தில்லாத நிலையில், சிகிச்சை எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை அந்தப் பதில்தான் தீர்மானிக்கிறது. இதோடு, சிறுநீர்த் தாரையின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. அதில் வெறுமனே சிறுநீர் கழித்தால் போதும். நொடிக்கு 15 மில்லிக்கு மேல் உச்ச வேகம் வந்தால் நல்லது, பத்துக்குக் கீழே என்றால் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். குறைந்தது 150 மில்லியாவது கழித்திருந்தால்தான் அந்த அளவு செல்லும்.

இப்போது 4.8. பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம். நல்ல சுரப்பியும் அதைச் சுரக்கும், வீங்கிய சுரப்பி கூடுதலாகச் சுரக்கும், கிருமித் தொற்று வந்தால் பலமடங்கு ஏறும். சிறுநீர் அடைத்துக்கொண்டாலும் ஏறும். நான்கு என்ற கோட்டைத் தாண்டினால் புற்றுநோய் என்று பொருளில்லை. உங்கள் 4.8-ஐ 52-ஆல் வகுத்துப் பாருங்கள். 0.09 வருகிறது. இந்த விகிதம் 0.15-க்குக் கீழே இருந்தால், ஏறியிருப்பதற்கு வீக்கமே காரணமாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வோம். இது உறுதிச் சான்று அல்ல, ஆறுதலான அறிகுறி. முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்து தொற்று இல்லை என்று பார்த்துவிட்டு, சில வாரம் கழித்து இன்னொரு முறை அளக்கச் சொல்லுங்கள். அதற்கு இரண்டு நாள் முன்பிருந்து தாம்பத்திய உறவு வேண்டாம். அதுவும் எண்ணைக் கொஞ்சம் ஏற்றிவிடும். தொடர்ந்து ஏறிக்கொண்டே போனால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால்தான் ஊசியால் திசு எடுக்கும் பேச்சு.

ஒரு பரிசோதனையை உங்கள் டாக்டர் செய்ததாக நீங்கள் எழுதவில்லை. ஆசனவாய் வழியாக விரலால் தொட்டுப் பார்ப்பது. கூச்சம் புரிகிறது. ஒரு நிமிடம்கூட ஆகாது, வலியும் பெரிதாக இருக்காது. சாதாரண வீக்கம் சுரப்பியின் உட்பகுதியில் வருகிறது. புற்றுநோய் பெரும்பாலும் வெளிப்பகுதியில், அதாவது விரலுக்கு எட்டும் பக்கத்தில் தொடங்குகிறது. வீங்கிய சுரப்பி மெத்தென்று வழுவழுப்பாக இருக்கும். கல்போல ஒரு முடிச்சு தட்டுப்பட்டால், பி.எஸ்.ஏ. எவ்வளவாக இருந்தாலும் விடமாட்டோம். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து மருந்து எழுதினால் இந்தத் தகவல் விட்டுப்போகிறது. அடுத்த முறை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இரவில் நான்கைந்து முறை எழுவதற்கு வருகிறேன். இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். இரவில் எழுவதற்கெல்லாம் புராஸ்டேட்டையே குற்றம் சொல்லி, ஆபரேஷனும் செய்துகொண்டு, பிறகும் அதே நான்கு முறை எழுந்துகொண்டிருப்பார்கள். தாரை மட்டும் நன்றாக வரும். காரணம், அவர்களுடைய உடல் இரவில் அதிகமாகச் சிறுநீர் உற்பத்தி செய்துகொண்டிருந்திருக்கும். அதற்குக் கீழே இருக்கும் குழாயை அகலப்படுத்தி என்ன பயன்?

இதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டும் அளவுக் குவளையும் போதும். மூன்று நாள், ஒவ்வொரு முறை கழிக்கும்போதும் நேரத்தையும் அளவையும் எழுதுங்கள். என்ன குடித்தீர்கள், எப்போது குடித்தீர்கள், எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். படுத்த பிறகு கழித்ததையும் காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரையும் கூட்டுங்கள். அது 24 மணி நேர மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், இரவு உற்பத்திதான் அதிகம். ஒவ்வொரு முறையும் 300, 400 மில்லி போகிறது என்றால் பையின்மீது பழி சொல்ல முடியாது. நூறு நூறாகப் போகிறது என்றால் பை சீக்கிரமே துடிக்கிறது, அல்லது முழுதாகக் காலியாவதில்லை. இந்த நோட்டை எடுத்துக்கொண்டு வருகிற நோயாளியைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். பாதி நோயறிதல் அதிலேயே முடிந்துவிடும்.

இரவில் உற்பத்தி ஏன் கூடுகிறது? உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது. அது கட்டுக்கு மீறினால் சிறுநீரோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். சர்க்கரைக்குத் தரும் மருந்துகளில் ஒரு வகை, டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை, சர்க்கரையைச் சிறுநீர் வழியாகவே வெளியேற்றுகின்றன. அவற்றால் அளவு கூடும். ரத்த அழுத்த மாத்திரையோடு நீர் பிரியும் மருந்து சேர்ந்திருந்து, அதை இரவில் போட்டால் கேட்கவே வேண்டாம். மாலையில் கால் வீங்கினால், அங்கே தேங்கிய நீர் நீங்கள் படுத்ததும் ரத்தத்தில் திரும்பி, இரவில் சிறுநீராகிறது. இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது: குறட்டை. மூச்சு அடைத்து அடைத்துத் திறக்கும் தூக்க நோய் உள்ளவர்களுக்கு இதயத்தின் மேலறை நீட்சியடைந்து, "தண்ணீர் அதிகம், வெளியேற்று" என்று சிறுநீரகத்துக்குத் தவறாகச் சொல்லும் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. இவர்கள் சிறுநீருக்காக எழுந்ததாக நினைப்பார்கள். பலமுறை மூச்சு முட்டித்தான் விழித்திருப்பார்கள். பெரியவர்களுக்குப் படுக்கை நனைவதற்கு இந்தத் தூக்க நோயும் ஒரு காரணம். உங்கள் மிச்சம் குறைவாக இருந்தால், இரண்டாவதாக நான் தேடுவது இதைத்தான்.

மருந்துகளை நீங்களாக நிறுத்தவோ நேரம் மாற்றவோ வேண்டாம். சீட்டை எடுத்துப்போய், எதைக் காலைக்கு மாற்றலாம் என்று கேளுங்கள். மாலைக்கு மேல் தண்ணீரைக் குறையுங்கள், பகலில் குறைக்க வேண்டாம். சிறுநீர் வந்துவிடும் என்று பயந்து நாள் முழுக்கத் தொண்டை காயக் கிடப்பவர்களுக்குச் சிறுநீர் அடர்ந்து, எரிச்சல் கூடித் தொல்லை அதிகமாகிறது. காபி, தேநீர், மது மூன்றும் பையைத் தூண்டும். கால் வீக்கம் இருந்தால் மாலையில் ஒரு மணி நேரம் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருங்கள். அந்த நீர் படுக்கப் போவதற்கு முன்பே வெளியேறிவிடும். மலச்சிக்கலைச் சரிசெய்யுங்கள், நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை நெருக்கும்.

ஜலதோஷத்துக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளைத் தொடாதீர்கள். மூக்கடைப்பை நீக்கும் மருந்து புராஸ்டேட்டின் தசைகளை இறுக்கும். தூக்கம் வரவழைக்கும் பழைய அலர்ஜி மருந்து சிறுநீர்ப்பையின் பலத்தைக் குறைக்கும். இரண்டும் ஒரே மாத்திரையில் இருப்பதும் உண்டு. அடைத்துக்கொண்டு இரவில் வருபவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, "சளிக்கு ஏதாவது போட்டீர்களா?" என்பதுதான்.

இனி மாத்திரை. டாம்சுலோசின் சுரப்பியைச் சுருக்காது. பையின் வாயிலும் சுரப்பிக்குள்ளும் உள்ள தசையைத் தளர்த்தும், சில நாட்களிலேயே தாரை தேறும். உங்களுக்குக் கண் இருட்டியதில் வியப்பில்லை. வெறும் வயிற்றில் போட்டால் அது ரத்தத்தில் வேகமாகவும் அதிகமாகவும் ஏறும். நீங்களோ கூடவே ரத்த அழுத்த மாத்திரையும் சாப்பிடுகிறீர்கள். தினமும் ஒரே வேளை உணவுக்கு அரை மணி நேரம் கழித்து, முடிந்தால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டு, எழும்போது படுக்கையில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் பலருக்கு இந்தத் தொல்லை வருவதில்லை. ஆனால் உங்கள் விஷயத்தில் இன்றே மறுபடி தொடங்கச் சொல்ல மாட்டேன். கண்புரை காத்திருக்கிறது. இந்த வகை மருந்து கண்ணின் கருவிழித்திரையிலுள்ள தசையையும் தொய்யவைக்கும். ஆபரேஷன் நடுவே திரை துவண்டு படபடக்கும், பாவை சுருங்கும். 2005-ல் கண் மருத்துவர்கள் இதை முதலில் விவரித்தார்கள். மருந்தை நிறுத்திப் பல மாதமானாலும் இது நேரலாம். நான்கு நாள்தான் போட்டேன் என்று விட்டுவிடாமல் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தெரிந்திருந்தால் அவர்கள் அதற்கேற்பத் தயாராக இருப்பார்கள். அவசரம் இல்லையென்றால் கண்ணை முடித்துவிட்டு மாத்திரையைத் தொடங்கலாம்.

உங்கள் சுரப்பி 40 கிராமைத் தாண்டியிருப்பதால், ஃபினாஸ்டிரைடு அல்லது டூட்டாஸ்டிரைடும் உங்களுக்குப் பொருந்தும். இவை சுரப்பியையே சுருக்கும் மருந்துகள். இவற்றின் பின்னணி எனக்கு மிகவும் பிடித்தமானது. டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்தில், பிறக்கும்போது பெண் குழந்தைபோலத் தோன்றிப் பருவ வயதில் ஆணாக வளர்ந்தவர்கள் சிலர் இருந்தார்கள். ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி என்ற மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1974-ல் அதற்கான காரணத்தை வெளியிட்டார்கள். டெஸ்டோஸ்டிரோனை இன்னும் வலுவான ஹார்மோனாக மாற்றும் ஒரு நொதி இவர்களுக்குக் குறைவு. இவர்கள் வளர்ந்து பெரியவர்களான பிறகும் புராஸ்டேட் சின்னதாகவே இருந்தது. அந்த நொதியை மருந்தால் தடுத்தால் என்ன என்ற எண்ணம் அங்கிருந்து வலுப்பெற்றது. 1992-ல் ஃபினாஸ்டிரைடு பயன்பாட்டுக்கு வந்தது.

இதற்குப் பொறுமை வேண்டும். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் சுரப்பி ஐந்தில் ஒரு பங்கு, சிலருக்கு நான்கில் ஒரு பங்கு சுருங்கும். 2003-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 3,047 ஆண்களைச் சராசரி நாலரை ஆண்டு பின்தொடர்ந்தார்கள். தசை தளர்த்தும் மருந்தையும் ஃபினாஸ்டிரைடையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு நோய் முற்றும் அபாயம் 66 சதவீதம் குறைந்தது. தனித்தனியாகச் சாப்பிட்டவர்களுக்கு 39-ம் 34-ம்தான். சிலருக்கு ஆசை குறையும், விறைப்புக் குறையும், மார்பு வலிக்கும். வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இந்த மருந்து பி.எஸ்.ஏ.-வை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும். ஒரு வருடம் கழித்து 2.4 என்று வந்தால் அதை இரட்டித்து 4.8 என்றுதான் படிக்க வேண்டும். இது தெரியாமல் "குறைந்துவிட்டது" என்று மகிழ்ந்து, புற்றுநோயைத் தவறவிடுவது நடக்கிறது. அதனால்தான் முதலில் பி.எஸ்.ஏ. குழப்பத்தைத் தீர்த்துவிட்டு இந்த மருந்தைத் தொடங்கச் சொல்கிறேன். வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் உடைந்த மாத்திரையைத் தொடக் கூடாது.

அடக்க முடியாத அவசரத்துக்கென்று தனி மருந்துகள் இருக்கின்றன. அவற்றில் சில சிறுநீர்ப்பையின் பிடிப்பைத் தளர்த்துபவை. மிச்சம் எவ்வளவு என்று தெரியாமல் உங்களுக்கு அதைத் தொடங்குவது ஆபத்து.

சா பால்மெட்டோவை நண்பரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவர் அன்போடுதான் கொடுத்திருக்கிறார். 2006-லும் 2011-லும் வெளியான கவனமான ஆய்வுகளில் அது வெறும் போலி மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை. இரண்டாவது ஆய்வில் மூன்று மடங்கு கொடுத்துப் பார்த்தார்கள், அப்போதும் பலனில்லை. தீங்கு அந்தக் கேப்சூலில் இல்லை, அதை நம்பிக் கழியும் மாதங்களில் இருக்கிறது.

ஆபரேஷன் எப்போது கட்டாயம்? ட்யூபை எடுத்தால் சிறுநீர் போகாதபோது, அடைப்பால் சிறுநீரகம் கெடும்போது, பையில் கல் சேரும்போது, தொற்றோ ரத்தப்போக்கோ திரும்பத் திரும்ப வரும்போது. இவை இல்லையென்றால், மருந்து பலிக்காதபோதும் ஒத்துக்கொள்ளாதபோதும் நீங்களாக விரும்பி எடுக்கும் முடிவு அது. 52 கிராமுக்கு டி.யு.ஆர்.பி. என்ற பழைய முறையே நன்றாகப் பொருந்தும். வயிற்றைக் கிழிக்காமல் சிறுநீர்க் குழாய் வழியாகக் கருவியைச் செலுத்தி, அடைக்கும் உட்பகுதியைச் சீவி எடுப்பார்கள். ஹோல்மியம் லேசரால் தோண்டியெடுக்கும் முறை எவ்வளவு பெரிய சுரப்பிக்கும் ஏற்றது. யூரோலிஃப்ட், ரெசூம் போன்ற சிறிய சிகிச்சைகளும் வந்திருக்கின்றன. பலன் சற்றுக் குறைவு, பக்கவிளைவும் குறைவு. எதுவாக இருந்தாலும், செய்யும் கை பழகிய முறையே உங்களுக்கு நல்ல முறை.

ஆண்மை பற்றிய பயத்துக்கு நேராகவே பதில் சொல்கிறேன். டி.யு.ஆர்.பி.-க்குப் பிறகு விறைப்பு பெரும்பாலானவர்களுக்கு முன்புபோலவே இருக்கும். மாறுவது வேறொன்று. உச்சத்தின்போது விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய், பிறகு சிறுநீரோடு கலந்து வெளியேறும். பத்தில் ஆறேழு பேருக்கு இது நேரும். உடலுக்குத் தீங்கில்லை, இன்பமும் பெரும்பாலும் குறையாது, ஆனால் நிரந்தரம். முன்கூட்டியே சொல்லாவிட்டால் மனிதர் உடைந்துபோவார். அந்தப் பயமே விறைப்பைக் கெடுத்துவிடும். உங்கள் நண்பர் கேள்விப்பட்டது இதையாகத்தான் இருக்கும். எடுப்பது உட்பகுதியை மட்டும்தான், வெளித்தோல் அப்படியே இருக்கிறது. ஆகவே பி.எஸ்.ஏ. பார்ப்பதைப் பிறகும் விட்டுவிடக் கூடாது.

இடையில் எப்போதாவது ஒரு சொட்டுக்கூடப் போகாமல் அடிவயிறு முட்டினாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் ஒரே ஒரு முறை வந்து நின்றுவிட்டாலும் காட்ட வேண்டும், புகைப் பழக்கம் இருந்தால் இன்னும் கட்டாயமாக. வாந்தி, சோர்வு, முகவீக்கம் என்றால் கிரியாட்டினினுக்கு ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். தண்ணீர் கொட்டிவிட்டது என்று மனைவியிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் உண்மையைச் சொல்லி, டாக்டரிடம் போகும்போது அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டுத் தொடங்குகிறதா, மாலையில் கால் வீங்குகிறதா, இரவில் உண்மையில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்பதெல்லாம் உங்களைவிட அவருக்குத்தான் தெரிந்திருக்கும். நான் என் நோயாளிகளிடம் இந்தக் கேள்விகளைக் கேட்கும்போது பதில் பெரும்பாலும் பக்கத்து நாற்காலியிலிருந்துதான் வருகிறது. மிச்ச அளவும் கிரியாட்டினினும் கைக்கு வந்ததும், மூன்று நாள் நோட்டோடு சேர்த்து எனக்கு மறுபடி எழுதுங்கள்.